கரிச்சானுக்கு எத்தனை பெயர்?

பறவைகளைக் காண வேடந்தாங்கலுக்கோ கோடியக்கரைக்கோதான் செல்லவேண்டும் என்னும் எண்ணம் மாணவரிடையே வேரூன்றியுள்ளது. கல்லூரிக்கு நாள்தோறும் பேருந்தில் வரும் வழியே போதும் என்பேன். மின்கம்பியில் பிளவுபட்ட வாலோடு அமர்ந்திருக்கும் கரிய பறவை கரிச்சான். தன்னினும் பெரிய காகத்தையும் பருந்தையும் அஞ்சாது துரத்துவது. வேலியோரம் செம்பழுப்புச் சிறகோடு நடப்பது செம்போத்து. குயிலினமாயினும் தானே கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பது. சுலைமான் நபி (அலை) அவர்களின் வரலாற்றில் வரும் ஹுத்ஹுத் பறவையை அறியாதார் நம்முள் இலர். அதுவே நம்மூர்த் திடல்களில் புழு தேடி மண்ணைக் கொத்தும் கொண்டலாத்தி என்று அறிந்தோர் எத்தனை பேர்?

சிறுவயதில் தாம் சுட்டு வீழ்த்திய மஞ்சள்கழுத்துச் சிட்டு ஒன்றின் பெயரறியும் வேட்கையே சாலிம் அலியைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வாயிலுக்குக் கொண்டுசென்றது.

இது விலங்கியலார் வேலை என்று தமிழ்த்துறை ஒதுங்குதல் தகாது. திணைக்குரிய புள்ளையும் விலங்கையும் மனப்பாடம் செய்து மதிப்பெண் பெறுகிறோம். கண்ணெதிரே பறப்பதையெல்லாம் 'ஏதோ குருவி' என்கிறோம். கரிச்சானுக்கே கரிக்குருவி, வலியன், இரட்டைவால் குருவி எனப் பல பெயர்கள் உண்டு. மழைக்குப்பின் கறையான் புற்றில் முளைக்கும் காளானை இனம்பிரித்தறியும் மூதாட்டியர் இன்னும் சிற்றூர்களில் இருக்கின்றனர். அவர்தம் சொற்கள் எழுத்தில் ஏறாமலே மறைகின்றன. மாணவர் ஒவ்வொருவரும் கண்ட நாள், இடம், அவ்வூர் வழங்கும் பெயர் ஆகிய மூன்றை மட்டும் ஓராண்டு குறித்துவரட்டும். அடுத்த மலரில் நான்கு பக்கங்களை அதற்கு ஒதுக்கலாம். வாழ்த்துரைகளைச் சற்றுக் குறைத்தால் இடம் கிடைக்கும்.