காரில் கிடந்ததா என்று கேளுங்கள்

கத்திரி வெயில் தொடங்கியதும் நம் மேசைக்கு வரும் கைபேசிகளின் பழுதும் மாறிவிடுகிறது. டிஸ்ப்ளே ஒருபக்கம் தூக்கியிருக்கும், பின்மூடி விலகியிருக்கும், திறந்தால் பேட்டரி உப்பியிருக்கும். புதியதைப் போட்டு அனுப்பிவிடுகிறோம். அது வெயிலில் நின்ற காரில் கிடந்ததா என்று நம்மில் சிலரே கேட்கிறோம். அந்தக் கேள்வியைக் கேட்காத வரை வேலை பாதிதான் முடிந்திருக்கிறது.

அமெரிக்காவின் டெம்பி நகரில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் அளந்து 2018-இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். வெளியே 38 டிகிரி செல்சியஸைத் தாண்டிய நாட்களில், வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் உட்புறக் காற்று சராசரியாக 47 டிகிரிக்கு ஏறியது. டேஷ்போர்டு 69 டிகிரியைத் தொட்டது. நிழலில் நின்ற கார்களிலும் டேஷ்போர்டு 48 டிகிரி. ஐபோனை அணைத்து வைத்திருக்கும்போதும் 45 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்கிறது ஆப்பிள். ஆக, ‘நிழலில்தானே விட்டேன்’ என்பதும் காப்பாற்றாது. கண்ணாடியைச் சற்று இறக்கி வைப்பதாலும் பெரிய பலன் இல்லை.

சேதத்தின் வேர் செல்லுக்குள் இருக்கிறது. கிராஃபைட் மின்முனையின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலம் உண்டு. சூடு ஏற ஏற அது சிதைந்து, எலக்ட்ரோலைட்டைத் தின்று மறுபடி உருவாகிறது. அதில் பிறக்கும் வாயுதான் பையை உப்ப வைக்கிறது. சார்ஜ் நிறைந்திருந்தால் பாதிப்பு இன்னும் கூடும். 40 டிகிரியில் ஓராண்டு கிடந்தால் முழு சார்ஜில் உள்ள செல் தன் கொள்ளளவில் ஏறக்குறைய 35 சதவீதத்தை இழக்கும், 40 சதவீத சார்ஜில் இருப்பது 15 சதவீதத்தையே இழக்கும் என்பது துறையில் பரவலாக எடுத்தாளப்படும் கணக்கு. வீட்டில் முழுதாக ஏற்றிக் காரில் போட்டுவைக்கும் பவர் பேங்க்தான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

இந்தச் சேதம் அன்றே தெரிவதில்லை. வெப்ப எச்சரிக்கை காட்டிய போன் ஆறியதும் ஒழுங்காக வேலை செய்யும். கறுத்த எல்சிடி திரையும் தெளிந்துவிடும். வாடிக்கையாளர் மறந்துவிடுவார். மாதங்கள் கழித்து பேட்டரி உப்பும்போது பழி சார்ஜர் மீதோ, கடைசியாகக் கழற்றிய நம் மீதோ விழுகிறது. ஒட்டுப்பசை இளகிய போனுக்குத் தண்ணீர் புகாது என்று உறுதி சொல்லி நாமே மாட்டிக்கொள்வதும் உண்டு.

ஆகவே ஜாப் கார்டில் ‘வெயிலில் அல்லது காரில் கிடந்ததா?’ என்று ஒரு வரி சேருங்கள். சூடான போனை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், உள்ளே நீர் கோக்கும் என்று வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள்; தானே ஆறிய பிறகே சார்ஜ் போடச் சொல்லுங்கள். உப்பிய பேட்டரியை அழுத்தித் தட்டையாக்கியோ ஊசியால் குத்தியோ திரும்பப் பொருத்தும் பழக்கம் இன்றோடு ஒழிய வேண்டும். அது தீயில் முடியும். வெளி வேலைக்குப் போகும்போது உதிரி பேட்டரிகளை வண்டிப் பெட்டியில் விட்டுச் செல்லாதீர்கள். கடையில் பாதி சார்ஜில், குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.