இருபத்துமூன்றும் ஒரு பென்சிலும்



அண்மையில் வினாயகபுரத்தில் ஒரு மாலை வகுப்புக்குப் போயிருந்தேன். தரம் 8 பிள்ளை ஒருத்தி எழும்பி, "சேர், ஆகப் பெரிய முதன்மை எண் எது?" என்று கேட்டாள். தமிழகத்தில் பகா எண் என்பார்களே, அதுதான்.

அப்படி ஒன்று கிடையாது. எத்தனை கண்டாலும் அதற்கு மேலும் ஒன்று இருக்கும் என்று யூக்ளிட் 2300 ஆண்டுகளுக்கு முன்பே நிறுவிவிட்டார். ஆனால் 2024 ஒக்டோபரில் அமெரிக்கரான லூக் டுரான்ட் கண்டறிந்த எண், அதற்கு முன் கண்ட எல்லா முதன்மை எண்களையும் மிஞ்சியது. 136,279,841 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி 1ஐக் கழித்தால் அது வரும். 41,024,320 இலக்கங்கள். நொடிக்கு ஒன்றாக, நித்திரை கொள்ளாமல் வாசித்தாலும் 474 நாள் தாண்டும்.

"அதை நாங்கள் எப்படிச் சேர் பார்ப்பது?" என்றாள். அந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது.

கரும்பலகையில் 2இன் வலுக்களை எழுதி ஒவ்வொன்றிலும் 1ஐக் கழித்தோம். சுட்டி, அதாவது பெருக்கும் இரண்டுகளின் எண்ணிக்கை, 2, 3, 5, 7 என்றால் விடை 3, 7, 31, 127. எல்லாம் முதன்மை எண்கள். சுட்டி முதன்மை எண்ணாக இல்லாவிட்டால் விடையும் ஒருபோதும் முதன்மை எண்ணாகாது. டுரான்ட் கண்ட எண்ணின் சுட்டியும் முதன்மை எண்ணே. அப்படியானால் 11? விடை 2047. பிள்ளைகள் வகுத்துக்கொண்டே போனார்கள். பின்வாங்கிலிருந்து ஒரு குரல்: "23ஆல் மீதியில்லாமல் போகுது சேர்!" ஆம், 23 × 89. சுட்டி முதன்மையாக இருந்தால் மட்டும் போதாது.

இந்த 23ஐ நான் சும்மா விடமாட்டேன். 1 முதல் 14 வரை பெருக்கி 1ஐக் கூட்டுங்கள். அது 23ஆல் வகுபடும். ஆனால் 23இல் ஒன்று குறைந்த 22ஐ 14 வகுக்காது. இத்தகைய குணமுள்ளவற்றுக்குப் பிள்ளை முதன்மை எண்கள் என்று பெயர். அவற்றுள் ஆகச் சிறியது 23. அந்தப் பெயருக்குரியவர் சு. சிவசங்கரநாராயண பிள்ளை, 1929 முதல் 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த தமிழர். 1950 ஓகஸ்டில் அமெரிக்காவுக்குப் போகும் வழியில், எகிப்தில் நடந்த விமான விபத்தில் இறந்தார். வயது 49.

அதே அண்ணாமலையில் 1931இல் தமிழ்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்றவர் நம் காரைதீவு விபுலாநந்த அடிகள். அவர் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியும்கூட. காரைதீவில் பிறந்தவரும் உலகம் பெயர் சொல்லும் அந்தக் கணிதரும் ஒரே வளாகத்தில் நடந்த ஆண்டுகள் அவை. இதைச் சொன்னபோது வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

23க்கு அடுத்த பிள்ளை முதன்மை எண் 29. 1 முதல் எந்த எண் வரை பெருக்கி 1ஐக் கூட்டினால் அது 29ஆல் வகுபடும், அந்த எண் 28ஐ வகுக்காமலும் இருக்கும்? பெருக்கத்தை முழுதாகச் செய்ய வேண்டாம். ஒவ்வொரு படியிலும் 29ஆல் வகுத்த மீதியை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள், ஒற்றைத் தாளும் ஒரு பென்சிலும் போதும். விடையைச் செய்கையோடு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் போடுவேன்.

அன்புடன்,
ஆசிரியர்