செம்மண் சாலையும் பெட்ரோல் செலவும்

மழை பிடித்துத் தோட்டத்துச் செம்மண் சாலை சேறானதும், நான்கு சக்கரமும் இழுக்கும் மோட்டார் வேண்டுமென்ற ஆசை நம் தோழர்களுக்கு எழுகிறது. ஆசை நியாயமே. ஆனால் பெட்ரோல் கணக்கையும் பார்க்க வேண்டாமா?

1998-இல் பெரோடுவா வெளியிட்ட கெம்பாராவை எடுத்துக்கொள்வோம். சிறிய உடல், 1300 சி.சி. இயந்திரம்; மேட்டிலும் சேற்றிலும் நன்றாகவே ஏறிற்று. ஆயினும் அதன் நான்கு சக்கரங்களும் தார்ச் சாலையிலும் ஓயாமல் இழுத்தன. பின்சக்கரங்களுக்குச் செல்லும் தண்டையும் பற்சக்கரங்களையும் எப்போதும் சுழற்றியாக வேண்டும். அந்தப் பாரத்தைச் சுமந்தது சின்ன இயந்திரம், அதற்குப் பணம் கொடுத்தது நமது சட்டைப்பை. சுசுகி ஜிம்னியில் வேண்டும்போது மட்டும் முன்சக்கரங்களைச் சேர்த்துக்கொள்ளலாம், வீண்செலவு குறையும். அதன் விலையோ கிராணிமாருக்கே எட்டாது!

ஆண்டில் சில வாரச் சேற்றுக்காக ஆண்டு முழுவதும் பெட்ரோலைக் கொட்டுவானேன்? எடை குறைந்து, அடிப்பாகம் சற்று உயர்ந்து, முன்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டியே பெரும்பாலோருக்குப் போதுமென்பது நமது கருத்து. சேற்றில் முதலில் கைவிடுவது தேய்ந்த டயர்தான்; அதை மாற்றுங்கள்.

மேலும், நிர்வாகம் கல் கொட்டிச் செப்பனிடாத சாலைக்குத் தொழிலாளி தன் சம்பளத்தில் பெட்ரோல் ஊற்றுவது என்ன நீதி? வண்டிக் கடனில் கையெழுத்திடுமுன், கிளைக் கூட்டத்தில் சாலையைப் பற்றிப் பேசுங்கள்.