ஓசியில் கொடுத்ததா? யார் சொன்னது?

செமஸ்டர் நேரத்தில் இவன் ஏன் சட்டம் பேசுகிறான் என்று நினைக்க வேண்டாம். வயிற்றெரிச்சல்தான் காரணம்.

அப்பா ஒரகடத்தில் ஷிஃப்ட் பார்த்து எனக்கு ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுத்தார். அட்டைப்பெட்டியிலேயே "2 வருடம் இலவச டெக்னிக்கல் சப்போர்ட்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பதினான்காவது மாதம் பிரச்சினை என்று போன் செய்தால், "அந்தத் திட்டத்தை நிறுத்திட்டோம் சார், இனிமே பணம் கட்டணும்" என்றார்கள். நான் கத்தினேன். அப்பா, "ஓசியில கொடுத்ததுதானே, விடுப்பா" என்றார்.

இந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் கம்பெனிகள் பிழைப்பு நடத்துகின்றன!

ஸ்ரீபெரும்புதூரில் 2006ல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1ஆம் தேதி மூடப்பட்டது. வேலை இழந்தவர்களின் கதை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். போன் வாங்கியவர்களின் கதையை யாரும் பேசவில்லை. நோக்கியாவின் போன் தொழிலை வாங்கிய மைக்ரோசாஃப்ட், அதே நவம்பரில், விண்டோஸ் போன் 8 லூமியாக்கள் எல்லாவற்றுக்கும் விண்டோஸ் 10 தரத் திட்டமிட்டிருப்பதாகச் சொன்னது. 2016 மார்ச்சில் பட்டியல் வந்தபோது, இங்கே சக்கைப்போடு போட்ட லூமியா 520 அதில் இல்லை. 1 ஜிபி ராம் இருந்த 920 கூட இல்லை. 2017 ஜூலையில் விண்டோஸ் போன் 8.1க்கான சப்போர்ட்டும் முடிந்தது.

"தொழில் நின்றால் அவர்கள் என்னதான் செய்வார்கள்?" என்று கேட்பீர்கள். 2022 ஏப்ரலில் ஒரகடம் ஆலையில் டட்சன் கார் தயாரிப்பை நிறுத்தியபோது, சர்வீஸ், உதிரிபாகம், வாரன்டி எல்லாம் தொடரும் என்று நிஸான் அறிவித்தது. ஆக, தயாரிப்பை நிறுத்துவது வேறு, கொடுத்த வாக்கை நிறுத்துவது வேறு. முன்னது வியாபாரம், பின்னது ஏமாற்று.

இன்னொரு வாதமும் வரும். இலவசமாகச் செய்யும் சேவை, நுகர்வோர் சட்டத்தில் 'சேவை'யே இல்லை என்பார்கள். சட்டத்தில் அப்படி இருப்பது உண்மைதான். ஆனால் பொருளோடு சேர்த்து விற்ற சப்போர்ட் எப்படி இலவசமாகும்? அதைக் காட்டித்தானே விற்றார்கள்? அதன் விலையும் சேர்த்துத்தானே பில் போட்டார்கள்?

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. பராமரிப்பேன், பழுது பார்ப்பேன் என்று வாக்குக் கொடுத்து, அது நிறைவேற நியாயமான வாய்ப்பே இல்லையென்றால், அது முறையற்ற வணிகம். தக்க காரணமின்றி ஒருதலைப்பட்சமாக முறித்துக்கொள்ள இடம் தரும் ஒப்பந்தம் நியாயமற்ற ஒப்பந்தம். "விதிமுறைகள் மாறலாம்" என்ற பொடி எழுத்து எல்லாவற்றையும் காப்பாற்றிவிடாது.

சரி, என்ன செய்யலாம்? பில், பெட்டி, விளம்பரத்தின் படம், அவர்கள் அனுப்பிய எஸ்எம்எஸ், எதையும் தூக்கிப் போடாதீர்கள். முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார். அடுத்து 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லையா? நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. 2 வருடத்துக்குள் போட வேண்டும். ஒப்பந்தமே நியாயமற்றது என்ற வழக்கு மட்டும் மாநில ஆணையத்துக்குப் போகும்.

ஒரு லேப்டாப்புக்கு இவ்வளவா என்று அப்பா கேட்கிறார். இந்தச் சாலையில் ஓடும் ஒவ்வொரு கம்பெனி பஸ்ஸிலும் பொருளைச் செய்கிறவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் ஒரு ஷிஃப்டுக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போய், "ஓசிதானே, விடுங்க" என்று சொல்லிப் பார்க்கட்டும். விடுவார்களா?

புகார்க் கடிதம் எழுதிவிட்டேன். அப்பாவின் கையெழுத்துதான் பாக்கி.