மலிவு என்னும் சாட்சி

திருவள்ளூருக்கு வடக்கே மூன்று ஏக்கர் மாந்தோப்பு வைத்திருக்கும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் ஆவடியில் என் வீட்டுக்கு வந்திருந்தார். காட்டுப்பன்றிகளை வெடிச்சத்தத்தால் விரட்டுவதற்கென்று பயிர்ப் பாதுகாப்புத் துப்பாக்கி உரிமம் கேட்டு விண்ணப்பித்து, நெடுநாள் அலைந்து, ஒருவழியாக அதைப் பெற்றிருக்கிறார். இனி உரிமத்தில் குறித்த காலத்துக்குள் துப்பாக்கியை வாங்கிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். புதிது வாங்க வசதியில்லை. பழையதாக இரண்டு அவர் கண்ணில் பட்டிருக்கின்றன.

ஒன்று, அறுபது ஆண்டுப் பழக்கமுள்ள இரட்டைக்குழல் துப்பாக்கி. உரிமையாளர் இறந்துவிட்டார், பிள்ளைகள் வெளிநாட்டில். எட்டாயிரம் கொடுத்தால் போதும் என்கிறார்கள். மற்றொன்று, தரகர் ஒருவர் பூந்தமல்லி அருகே ஒரு தேநீர்க்கடையில் வைத்துக் கைப்பேசிப் படத்தில் காட்டிய கைத்துப்பாக்கி. இத்தாலியில் செய்யப்பட்டது என்று அதன் மேல் பொறித்திருக்கிறதாம். விலை இருபத்தைந்தாயிரம். "எட்டாயிரத்துக்கு ஒரு துப்பாக்கி என்றால் அதில்தான் ஏதோ கோளாறு இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார்.

தமிழாசிரியனிடம் கேட்கக்கூடிய கேள்வியல்ல இது. ஆனால் எங்கள் குடும்பத்தில் ஒரு துப்பாக்கி இருந்ததும் அது வெளியேறிய கதையும் அவருக்குத் தெரியும். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் அவருடைய கேள்விக்கு நான் கண்ட விடையைச் சொல்லிவிடுகிறேன்: அவர் சந்தேகப்பட வேண்டிய இடம் தலைகீழாக மாறிப் போயிருந்தது.

நம் நாட்டில் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி மலிவாகக் கிடைப்பதற்கு நேர்மையான காரணங்கள் உண்டு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாதவர் துப்பாக்கியை வைத்திருக்கலாகாது. உரிமையாளர் இறந்தால் வாரிசு தன் பெயரில் உரிமம் பெற வேண்டும். இல்லையேல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். 2019 டிசம்பரில் அச்சட்டம் திருத்தப்பட்டபோது, ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தது இரண்டாகக் குறைந்தது. தாத்தா காலத்துச் சொத்தாக வந்ததும் இந்தக் கணக்கில் அடங்கும். மூன்றாவதை ஓராண்டுக்குள் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. விற்பவருக்கு அவசரம், வாங்குவதற்கோ உரிமமுள்ள சிலர்தான். விலை விழாமல் என்ன செய்யும்?

வெளிநாட்டுக் கைத்துப்பாக்கியின் கதை இதற்கு நேர் எதிரானது. பொதுமக்களுக்கான துப்பாக்கி இறக்குமதி 1980களின் நடுப்பகுதியிலிருந்து, விளையாட்டு வீரர்கள் போன்ற சிலருக்கான விதிவிலக்கு நீங்கலாக, நிறுத்தப்பட்டுவிட்டது. ஆகவே அதற்கு முன்பு சட்டப்படி உள்ளே வந்தவை மட்டுமே கைமாறிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் விலை ஆண்டுக்காண்டு ஏறி இலட்சங்களில் நிற்கிறது. ஓர் அளவுகோலுக்காகச் சொல்கிறேன்: 2014இல் பெண்களுக்கென்று கான்பூரின் அரசுத் தொழிற்சாலை வெளியிட்ட 'நிர்பீக்' என்னும் சிறு ரிவால்வரின் விலையே சுமார் 1,22,000 ரூபாய். உள்நாட்டு அரசுத் தயாரிப்புக்கே அந்த விலை என்றால், இத்தாலியத் துப்பாக்கி இருபத்தைந்தாயிரத்துக்கு எப்படி வரும்? ஒன்று அது இத்தாலியத் துப்பாக்கியல்ல. அல்லது அதன் சொந்தக்காரர் அதை விற்கவில்லை.

பெரும்பாலும் முதலாவதுதான் உண்மை. பீகாரில் முங்கேர் என்றோர் ஊர் இருக்கிறது. 1760களில் வங்காள நவாப் மீர் காசிம் தன் தலைநகரை அங்கே மாற்றி ஆயுதப் பட்டறை அமைத்தார். அந்தக் கைத்தொழில் மரபு இன்றும் அழியவில்லை. உரிமம் பெற்ற பட்டறைகளும் அங்கே உண்டு. அவற்றின் நிழலில் உரிமமற்றவையும் உண்டு. அங்கு செய்யும் கைத்துப்பாக்கிகளில் இத்தாலி, அமெரிக்கா என்று அயல்நாட்டுப் பெயர்களைப் பொறித்து நாடெங்கும் அனுப்புவது செய்தித்தாள் படிப்பவர் அனைவரும் அறிந்ததே. வெளித்தோற்றத்தில் குறை காண முடியாது. குழலுக்குப் பயன்பட்ட இரும்பு எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. தண்ணீர்க் குழாயும் வண்டியின் ஸ்டியரிங் தண்டும் துப்பாக்கிக் குழலாகியிருக்கின்றன. தோட்டா வெடிக்கையில் எழும் அழுத்தத்தைத் தாங்காமல் அவை சுடுகிறவர் கையிலேயே சிதறுவதும் உண்டு.

முறையாகச் செய்யப்பட்ட துப்பாக்கி இந்தச் சோதனையைக் கடந்துதான் கடைக்கு வரும். வழக்கத்தை விடக் கூடுதல் மருந்திட்ட தோட்டாவால் சுட்டுப் பார்த்து, குழல் தாங்கினால் முத்திரை குத்துவார்கள். இங்கிலாந்தில் இலண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கம் 1637இல் அரச சாசனம் பெற்றது. பர்மிங்காமில் 1813இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியாகவே ஒரு சோதனைக்கூடம் எழுந்தது. நம் ஜமீன் வீடுகளில் தொங்கும் பழைய ஆங்கிலத் துப்பாக்கிகளின் குழலடியில் அந்த முத்திரைகளை இன்றும் காணலாம். அவற்றிலும் எச்சரிக்கை வேண்டும். கரும்பொடி மருந்துக்காக முறுக்கிச் செய்த பழைய டமாஸ்கஸ் குழலில் இன்றைய தோட்டாவைப் போடுவது உயிருக்கு ஆபத்து. எனவே எட்டாயிரம் ரூபாய்த் துப்பாக்கியையும் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் காட்டாமல் வாங்கலாகாது என்று நண்பரிடம் சொன்னேன்.

ஆனால் இரும்பைப் பரிசோதிப்பதை விட முக்கியமானது, விற்பவரைப் பரிசோதிப்பது. அந்த வேலையைச் சட்டமே நமக்கு எளிதாக்கி வைத்திருக்கிறது. உரிமம் பெற்ற தனிமனிதர் ஒருவர் தம் துப்பாக்கியை உரிமமுள்ள மற்றொருவருக்கு விற்க விரும்பினால், அந்த எண்ணத்தை மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாள்கள் கழிந்த பின்னரே விற்க முடியும். நேர்மையான விற்பனையாளருக்கு அந்த 45 நாள் ஒரு சலிப்பு. மற்றவருக்கு அது கடக்க முடியாத மதில். "இன்றைக்கே முடித்துக்கொள்ளலாம், நாளை வேறொருவர் வருகிறார்" என்று ஒருவர் சொல்லும்போதே விடை கிடைத்துவிடுகிறது. பூந்தமல்லித் தரகர் அப்படித்தான் சொன்னாராம். நண்பரின் உரிமத்தில் கைத்துப்பாக்கிக்கு இடமில்லையே என்று கேட்டதற்கு, "அதையெல்லாம் அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் சார்" என்றாராம்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு துப்பாக்கியிலும் வரிசை எண் பொறிக்க வேண்டும். ஆனால் ஒரே மாநிலத்தைச் சேர்ந்த இரு தனிமனிதர்கள் தமக்குள் விற்று வாங்கும்போது, பின்னணியைச் சரிபார்க்கும்படி நடுவணரசின் சட்டம் அவர்களைக் கட்டாயப்படுத்துவதில்லை. சில மாநிலங்கள் மட்டும் தம்மளவில் கட்டாயமாக்கியிருக்கின்றன. பிற இடங்களில் மலிவான துப்பாக்கியைச் சந்தேகிக்கும் பொறுப்பு முழுவதும் வாங்குகிறவரின் மனசாட்சியில் விழுகிறது. இங்கே சட்டம் நமக்காக முன்னதாகவே சந்தேகப்பட்டிருக்கிறது. அதைத் தொல்லை என்று மட்டும் பார்க்கப் பழகிவிட்டோம்.

அச்சட்டத்தின் எட்டாம் பிரிவை வாசித்தபோது எனக்குச் சற்றுத் திகைப்பாகவே இருந்தது. எண் அழிக்கப்பட்ட துப்பாக்கி ஒருவரிடம் இருந்தால், மாறாக அவர் மெய்ப்பிக்கும் வரை, அந்த எண்ணை அவரே அழித்தார் என்று கொள்ளப்படும். உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பின் 2 முதல் 5 ஆண்டுகள் சிறை; 9 மி.மீ. கைத்துப்பாக்கி போன்ற தடைசெய்யப்பட்ட வகையென்றால் 7 முதல் 14 ஆண்டுகள். பொருளைக் கைநீட்டி வாங்கும் கணத்தில் அதன் கடந்தகாலம் முழுவதும் நம்முடையதாகிவிடுகிறது.

இதை எழுதும்போது சிலப்பதிகாரத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. மதுரைக் கடைத்தெருவில் கோவலன் செய்ய முயன்றதும் ஒரு தனிமனிதர் விற்பனைதான். பழைய நகை, அறியாத ஊர், கையில் ஆவணம் ஏதுமில்லை. அவனைப் பார்த்த காவலர்கள் இவன் கள்வனாகத் தோன்றவில்லையே என்று தயங்கினார்கள். உண்மைத் திருடனான பொற்கொல்லனோ கள்வரின் தந்திரங்களைப் பற்றி நீண்ட விளக்கம் கொடுத்தே அந்தத் தயக்கத்தைப் போக்கிவிட்டான். முகத்தைப் பார்த்து நம்பியவர்களும் பேச்சைக் கேட்டு நம்பியவர்களும் இருந்த அந்த இடத்தில், சிலம்பைத் திறந்து பார்த்தவர் ஒருவருமில்லை. உள்ளே இருந்தது மாணிக்கமா முத்தா என்ற ஒரே கேள்வியில் முடிந்திருக்க வேண்டிய வழக்கு, ஒரு நகரம் எரிந்த பிறகு நம்மை வந்தடைந்திருக்கிறது.

அந்தக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டு. மலிவாக விற்கிறவரையெல்லாம் கள்வர் என்று முடிவு கட்டுவது பாண்டியன் செய்த பிழை. தந்தையை இழந்து, துப்பாக்கியை என்ன செய்வதென்று தெரியாமல் எட்டாயிரத்துக்குத் தரச் சம்மதித்த பிள்ளைகளை நண்பர் சந்தேகப்பட்டது அந்த வகை. சரளமாகப் பேசுகிறார் என்பதற்காக ஒருவரை நம்புவது காவலர்கள் செய்த பிழை. தரகரிடம் அவர் ஏறக்குறைய மயங்கியது அந்த வகை. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: சிலம்பைத் திறந்து பார்ப்பது. இங்கே அது குழலில் உள்ள எண்ணையும் விற்பவரின் உரிமத்தில் உள்ள எண்ணையும் ஒப்பிடுவது. இரண்டும் ஒன்றுதானா என்று காவல் நிலையத்தில் கேட்பது. அவ்வளவுதான்.

ஆவடிக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது கடினமாக இருக்கக்கூடாது. 1965இல் விஜயந்தா டாங்கி வெளிவந்த ஊர் இது. எங்கள் தெருவில் கனரக வாகனத் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் பலர். ஓர் உதிரிபாகம் எண்ணும் ஆய்வாளர் முத்திரையும் இல்லாமல் அடுத்த மேசைக்கு நகராது என்று பெருமையோடு சொல்வார்கள். ஆனால் அதே தெருவில் ஆர்.சி. புத்தகம் இல்லாத பைக்கையும் பில் இல்லாத கைப்பேசியையும் "நமக்கெதுக்கு அந்த ஆராய்ச்சி" என்று வாங்கிக்கொள்கிறோம். தொழிற்சாலை வாசலுக்குள் இருந்த ஒழுங்கு வாசலைத் தாண்டியதும் கழன்று விழுந்துவிடுகிறது. துப்பாக்கி விஷயத்தில் அந்தப் பழக்கத்தின் விளைவு பெரிது என்பதுதான் வேறுபாடு.

இனி எங்கள் குடும்பக் கதை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்த என் பெரியப்பாவிடம் ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. உரிமம் அவர் பெயரில். அவர் மறைந்து இரண்டாண்டுகள் அது பரணில் கிடந்தது. அது குற்றம் என்பதே எங்களுக்குத் தெரியாது. ஒருநாள் பழகிய மனிதர் ஒருவர் வந்தார். "வைத்திருந்தால் உங்களுக்குத்தான் தொல்லை, ஐயாயிரம் தருகிறேன், தாள் எதுவும் வேண்டாம்" என்றார். அப்போது நான் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்திருந்த புதிது. எம்.ஏ. படித்தவன் என்ற தகுதியில் என்னிடம் யோசனை கேட்டார்கள். கொடுத்துத் தொலைத்துவிடுங்கள் என்று சொன்னேன். சனியன் விட்டது என்ற நிம்மதிதான் எனக்கு இருந்தது.

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத பெரியம்மா மறுத்துவிட்டார். "அந்த லைசென்ஸ் புத்தகத்துல அவரு பேரு இருக்குப்பா. இது நாளைக்கு எங்கயோ போயி யாரையோ சுட்டா, அவரு சுட்டதாத்தானே ஆவும்?" என்றார். மறுநாள் என்னையே துணைக்கு அழைத்துக்கொண்டு, பழைய வேட்டியில் சுற்றிய துப்பாக்கியோடு காவல் நிலையத்துக்கு நடந்தார். இரண்டாண்டு ஏன் வைத்திருந்தீர்கள் என்று கடுமையாகவே கேட்டார்கள். தெரியாது என்று உண்மையைச் சொன்னோம். ரசீது எழுதிக் கொடுத்தார்கள். அந்த ரசீதைப் பெரியப்பாவின் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்.

எட்டாம் பிரிவு சொல்வதைத்தான் அவர் தன் மொழியில் சொன்னார் என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே விளங்கியது. தாள் வேண்டாம் என்று ஒருவர் சொல்லும்போது நாம் விற்பதும் வாங்குவதும் இரும்பை மட்டுமல்ல, ஒரு பெயரையும் சேர்த்துத்தான்.

நண்பர் இப்போது இரட்டைக்குழல் துப்பாக்கிக்காகக் காத்திருக்கிறார். எண்கள் பொருந்தின. பிள்ளைகள் முறைப்படி எழுதிக் கொடுத்துவிட்டார்கள். 45 நாளில் இன்னும் பன்னிரண்டு நாள் பாக்கி. அதற்குள் பன்றிகள் ஒருமுறை தோப்பில் புகுந்து சொட்டுநீர்க் குழாய்களைக் கிளறிப் போட்டுவிட்டன என்று நேற்றுத் தொலைபேசியில் வருத்தப்பட்டார். தகரத்தைத் தட்டி விரட்டினாராம்.