செருகி பொருந்தினால் போதுமா?

மின்சாரக் கார் பற்றி நம் வீடுகளில் பேச்சு எழுந்தால், "ஒருமுறை சார்ஜ் செய்தால் எவ்வளவு தூரம் ஓடும்?" என்பதே முதற் கேள்வி. "எந்தச் சார்ஜரில், எவ்வளவு நேரத்தில் சார்ஜ் ஆகும்?" என்றும் நாம் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

டெஸ்லா நிறுவனம் 2012இல் தொடங்கிய அதிவேகச் சார்ஜர்களைப் பல வருடங்கள் தன் கார்களுக்கு மட்டுமே வைத்திருந்தது. 2021இல் நெதர்லாந்திலும் பின்னர் அமெரிக்காவிலும் பிற நிறுவனக் கார்களுக்கும் அவற்றைத் திறந்துவிட்டது. நல்ல மாற்றம்தான். ஆனால், கதவு திறந்ததால் வேகமும் ஒன்றாகிவிடவில்லை.

அமெரிக்காவில் விற்கப்படும் 2025ஆம் ஆண்டு ஹூண்டாய் அயோனிக் 5 காரைப் பாருங்கள். அதில் டெஸ்லா செருகியே நேரடியாகப் பொருந்தும். ஆயினும், பெரிய பற்றரி கொண்ட அக்கார் டெஸ்லாவின் மூன்றாம் தலைமுறைச் சார்ஜரில் 10 சதவீதத்திலிருந்து 80 சதவீதத்தை எட்ட 30 நிமிடம் எடுக்கும் என்கிறது ஹூண்டாய். 350 கிலோவாற்றுச் சார்ஜரில் இணைப்பி ஒன்றை மாட்டிச் சார்ஜ் செய்தால் 20 நிமிடம் போதும். அதாவது, நேரே பொருந்தும் இடத்தில்தான் அது மெதுவாகிறது!

இது சதியல்ல, பௌதிகவியல். வலு என்பது அழுத்த வித்தியாசத்தினதும் மின்னோட்டத்தினதும் பெருக்கம். அந்தச் சார்ஜர் ஏறத்தாழ 500 வோல்ற்று வரையே தரும். அயோனிக்கின் பற்றரியோ 800 வோல்ற்று வகையைச் சேர்ந்தது. எனவே கார் தன் மோட்டாரையும் அதன் மின் மாற்றியையும் கொண்டு அழுத்தத்தை உயர்த்திக்கொள்கிறது. அந்தப் பாகங்கள் தாங்கும் அளவே வேகத்தின் எல்லை.

பௌதிகவியலைக் குறைசொல்ல முடியாது. ஆனால், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விற்பதைக் குறைசொல்லலாம். "250 கிலோவாற்று" என்று பலகையில் எழுதினால் மட்டும் போதாது. "உங்கள் காருக்கு இங்கே இவ்வளவுதான் கிடைக்கும்" என்று பணம் செலுத்துமுன் திரையில் காட்ட வேண்டும். கட்டணமும் நிமிடக் கணக்கிலன்றி, ஏறிய மின் அலகுகளின் கணக்கில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மெதுவாக ஏறும் காரின் உரிமையாளர் நேரத்தையும் இழந்து, பணத்தையும் கூடுதலாகக் கொடுப்பார்.

நமக்கும் இது தூரத்துச் செய்தியல்ல. ஜப்பானிலிருந்து வந்து நம் வீதிகளில் ஓடும் நிசான் லீஃப் கார்களுக்கு சாடெமோ செருகி வேண்டும். 2025இல் வாகன இறக்குமதி மீண்டும் தொடங்கிய பின் வரும் பீ.வை.டீ. போன்ற கார்களுக்கு வேண்டியது சீ.சீ.எஸ். 2. நாட்டில் சார்ஜர்கள் பெருகப்போகும் இந்த நேரத்திலேயே விதிகளை வகுப்பது இலகு. எல்லாம் நட்டு முடித்தபின் மாற்றுவது கடினம்.

பெற்றோரே, கார் வாங்கப் போகும்போது அதன் நிறத்தையும் விலையையும் கேட்பதோடு, அது ஏற்கும் உச்ச வலுவையும், வழமையாகப் போகும் பாதையில் உள்ள சார்ஜர்கள் அதற்குத் தரும் வலுவையும் கேளுங்கள். இரண்டில் எது குறைவோ, அதற்கு மேல் உங்களுக்குக் கிடைக்காது.