காலின் கணக்குப்பிள்ளை

மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் அடி எண்ணும் பட்டையைப் பற்றிச் சென்ற இதழில் நண்பர் எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன். சேலையூரிலிருந்து தாம்பரம் ஸ்டேஷன் வரை பஸ்ஸுக்குக் காத்திராமல் நடந்துவிடும் பழக்கம் அந்தப் பட்டையால் தமக்கு வந்தது என்கிறார். இதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. நடப்பது நல்லது என்று சொல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். நாம் பத்திரிகை நடத்த வேண்டியதில்லை. ஆனால் நண்பர் அதோடு நிற்கவில்லை. நவீன மனிதன் தன் உடம்பைப் பற்றி அடைந்திருக்கும் புதிய பிரக்ஞை இது என்கிறார். அந்த வார்த்தையை அவர் உபயோகித்ததால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

முதலில், அந்த யந்திரத்துக்கு என்ன தெரியும்? அதற்குள் இருப்பது அசைவின் வேக மாற்றத்தை மூன்று திசைகளில் உணரும் ஒரு சிறு சில்லு. நடக்கும்போது கை வீசும் லயத்தைப் பிடித்துக்கொண்டு, இது அடியாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊகிக்கிறது. தோலின்மேல் பச்சை வெளிச்சத்தைப் பாய்ச்சி, ரத்தம் ஏறி இறங்குவதில் திரும்பி வரும் ஒளியின் ஏற்றத்தாழ்வை நாடித்துடிப்பாகச் சொல்கிறது. காலை அது பார்ப்பதே இல்லை. கை வீசாதவர்களை அது சரியாக எண்ணுவதும் இல்லை. ராஜகீழ்ப்பாக்கத்துத் தெருக்களில் காய்கறி வண்டி தள்ளிக்கொண்டு போகும் பெண்ணின் இரண்டு கைகளும் வண்டியின் கைப்பிடியில் இருக்கின்றன. இந்தப் பட்டையை அவளுக்குக் கட்டிவிட்டால் அவள் நடந்ததில் ஒரு பங்கை அது விழுங்கிவிடும். இடுப்புக் குடத்தை அணைத்த கைக்கும் அதே கதிதான். சுமையில்லாமல் கை வீசி நடப்பவர்களை மனசில் வைத்துச் செய்யப்பட்ட கருவி இது. மனித உடம்பைப் பற்றிய பிரக்ஞை என்று நண்பர் பொதுவாகச் சொல்லும்போது, யாருடைய உடம்பு என்று கேட்கத் தோன்றுகிறது.

அடுத்து, அவர் 'என் லட்சியம்' என்று எழுதும் பத்தாயிரம் அடி. இந்த எண் எந்த ஆஸ்பத்திரியிலும் பிறக்கவில்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த கையோடு, ஜப்பானில் உடற்பயிற்சி மோகம் கிளம்பியிருந்த சமயத்தில், 1965ல் யமஸா என்ற கம்பெனி இடுப்பில் மாட்டும் ஒரு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயர் மான்போ-கேய். பத்தாயிரம் அடி மீட்டர் என்று அர்த்தம். விற்பனைப் பெயர் லட்சியமாகிவிட்டது. 2019ல் ஐ-மின் லீயும் அவருடைய சகாக்களும் சராசரியாக 72 வயதான அமெரிக்கப் பெண்களை ஆராய்ந்து வெளியிட்ட முடிவின்படி, நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் மரண விகிதம் கணிசமாகக் குறைந்திருந்தது. 7,500 அடிக்குமேல் அந்த லாபம் வளரவில்லை. ஒரு சரக்கின் பெயர்ப்பலகையைத் தன் அந்தரங்க லட்சியம் என்று எழுதும் கவிஞர், சினிமாப் பாட்டு எழுதுகிறவர்களைக் கேலி செய்ய என்ன அதிகாரம் வைத்திருக்கிறார்?

ஊக்கம் தருகிறதே என்பார். தருகிறது; மறுப்பதற்கில்லை. 2007ல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, அடி எண்ணும் கருவியை மாட்டிக்கொண்டவர்கள் நாளுக்குச் சுமார் 2,500 அடி கூடுதலாக நடந்ததாகக் கணக்கிட்டது. ஆனால் 2016ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றும் இருக்கிறது. எடை குறைக்க முயன்ற 471 இளைஞர்களில் ஒரு சாராருக்குப் பட்டையைக் கொடுத்தார்கள்; மறு சாரார் தாங்களே குறித்துக்கொண்டு வந்தார்கள். இரண்டு வருஷ முடிவில், பட்டை கட்டியவர்கள் சராசரியாக 3.5 கிலோ குறைந்திருந்தார்கள், கட்டாதவர்கள் 5.9 கிலோ. தன்னைத் தானே கவனிக்கும் காரியத்தை வேறொன்றிடம் ஒப்படைத்தால் கவனம் மழுங்கும் என்பது என் அபிப்பிராயம். ஆய்வு அப்படிச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

எண்ணி நடப்பது நம் மரபிலேயே உண்டு, 108 பிரதட்சிணம் இல்லையா என்று நண்பர் திருப்பிக் கேட்கக்கூடும். ஜபமாலை உருட்டுகிறவர் எண்ணிக்கையை விரலுக்குக் கொடுத்துவிட்டு மனசை விடுவித்துக்கொள்கிறார். அந்த மாலையையே வெறும் கணக்குக் கருவியாக்கிய காரியமும் நடந்திருக்கிறது. 1865ல் பிரிட்டிஷ் இந்திய நில அளவைத் துறை நைன் சிங்கை யாத்ரிகர் வேஷத்தில் திபெத்துக்கு அனுப்பியது. அவர் கையிலிருந்த மாலையில் 108 மணிகள் இல்லை, 100 மணிகள். நூறு அடிக்கு ஒரு மணி. அந்த அளவைத் துறையின் வேர் நம் ஊர்ப் பக்கம்தான். 1802ல் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடையே சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு லாம்ப்டன் சங்கிலி போட்டு அளந்த கோட்டிலிருந்து அது தொடங்கியது. நடந்த கால் ஒருவருடையது, கணக்கு வேறொருவருடையது.

இன்றும் அப்படித்தான். ஃபிட்பிட் கம்பெனியைக் கூகுள் வாங்கி முடித்தது 2021 ஜனவரியில். அதற்கு முந்தைய மாதம் ஐரோப்பிய ஆணையம் சம்மதம் தந்தபோது, மணிக்கட்டுப் பட்டைகளில் சேரும் உடல்நலத் தகவல்களைப் பத்து வருஷங்களுக்கு விளம்பர வேலைக்கு உபயோகிப்பதில்லை என்று கூகுளிடம் வாக்கு வாங்கிக்கொண்டது. அந்த வாக்கு ஐரோப்பிய மணிக்கட்டுகளுக்கு. சேலையூர் மணிக்கட்டு அதில் சேராது.

இன்னொரு மணிக்கட்டும் இருக்கிறது. நாக்பூரிலும் சண்டிகரிலும் பஞ்ச்குலாவிலும் துப்புரவுத் தொழிலாளர்களுக்கு நகர நிர்வாகங்கள் கைக்கடிகாரம் கட்டிவிட்டன. யார் எந்தத் தெருவில் நிற்கிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று அது அலுவலகத் திரைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். 2020ல் சண்டிகர் தொழிலாளர்கள் இதை எதிர்த்துப் போராடினார்கள். நண்பருடைய பட்டையும் அந்தக் கடிகாரமும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். ஒன்றுக்கு ஊக்கம் என்று பெயர், மற்றதற்குக் கண்காணிப்பு என்று பெயர். வித்தியாசம் யந்திரத்தில் இல்லை. அதைக் கழற்றி வைக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதில் இருக்கிறது. அந்த உரிமை உள்ளவர் அதைக் கழற்றாமலிருப்பதை விடுதலை என்று எழுதுகிறார். உரிமை இல்லாதவர்கள் தெருவில் நின்று கோஷம் போட வேண்டியிருக்கிறது. எழுத்தாளன் யார் பக்கத்திலிருந்து இந்தப் பொருளைப் பார்ப்பது என்பதில் இரண்டு அபிப்பிராயம் இருக்க முடியும் என்று எனக்குப் படவில்லை.

எண்ணுதல் என்றால் தமிழில் கணக்கிடுவது மட்டுமல்ல, நினைப்பதும்தான். பட்டை முதல் வேலையைச் செய்கிறது. நண்பர் இரண்டாவது வேலையையும் அதனிடம் கொடுத்துவிட்டார் என்பதற்கு அவர் கட்டுரையே சாட்சி. அதில் பதினோரு எண்கள் இருக்கின்றன. தினமும் அந்த வழியே நடக்கிறவரின் எழுத்தில், 1937ல் பட்டணத்திலிருந்து பெயர்ந்து வந்த கிறிஸ்தவக் கல்லூரியின் காடு ஒரு வரிகூட இல்லை. ஒரு மரம் இல்லை, எதிரே வந்த ஒரு முகம் இல்லை. மழை பெய்த நாளில் எத்தனை அடி குறைந்தது என்று இருக்கிறது, மழை இல்லை.

இது உடற்பயிற்சி விவகாரம் மட்டும் அல்ல. புத்தகக் கண்காட்சியில் எத்தனை பிரதி போயிற்று, எத்தனை பேர் விருப்பக்குறி போட்டார்கள் என்பதே விமர்சனத்தின் வேலையைச் செய்யத் தொடங்கிவிட்ட காலம் இது. இந்தக் கணக்குப்பிள்ளைகளை வெளியே நிறுத்தத்தான் நானூறு பிரதி அச்சடித்துக்கொண்டிருக்கிறோம். நண்பர் பட்டையைக் கட்டிக்கொண்டே நடக்கட்டும். அவருடைய ரத்த அழுத்தம் குறைந்தால் எனக்கும் சந்தோஷமே. அதைப் பிரக்ஞை என்று இந்தப் பக்கங்களில் எழுத வேண்டாம். அந்த வேலைக்கு விளம்பரக் கம்பெனிகளில் சம்பளம் கொடுக்கிறார்கள்.